குகையிலிருந்து வந்த பல்வலிக்காரன்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, சரியாக நினைவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் சமயம். எடுத்த போட்டோவை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டிய காலம் அது. திருக்காட்டுப்பள்ளியில் நான் பல் ஆஸ்பத்திரி தொடங்கி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, உதவிக்கு ஒரு பெண், வெளியே ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்காராமலே ஒரு நோயாளி எனக்கு வாய்த்தார். அவர் செத்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆயிற்று என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அவருக்கு எந்தப் பல் வலித்தது என்று சொல்லத் தெரியும்.

அவரை எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தவள் என் தங்கை.

அப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளியே போயிருந்தார்கள். சிங்கப்பூரில் வெல்டிங், துபாயில் டிரைவர், சென்னையில் சாஃப்ட்வேர். என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள் என்று சொன்னதும் யாராக இருந்தாலும் அடுத்துக் கேட்பது, "எந்தக் கம்பெனி?" என்பதுதான். "கம்பெனி இல்லீங்க, குகை" என்பேன் நான். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விஷயம் இதுதான். அங்கே மலைக் குகைகளுக்குள் பழைய காலத்து மிருகங்களின் எலும்புகள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து, சுத்தம் செய்து, அளந்து, இது இன்ன மிருகம் என்று சொல்வது அவளுடைய ஆராய்ச்சி. அதிலும் அவளுக்குக் கொடுத்திருந்தது நாய் ஜாதி மட்டும். ஓநாயா, கயோட்டியா என்று பிரிக்க வேண்டும். கயோட்டி என்பது நம் ஊர் நரிக்கு அமெரிக்காவில் இருக்கிற பெரியப்பா மகன் மாதிரி. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது. இதற்காகவா இவ்வளவு தூரம் போனாய், நம் வயல்காட்டில் ஊளையிடுவதைப் பிடித்துத் தந்திருப்பேனே என்று நான் போனில் கிண்டல் செய்வேன். எங்கள் பக்கம் வீடு கட்டக் கருங்கல் வேண்டுமென்றாலே லாரியில் வர வேண்டும். எங்கே தோண்டினாலும் களிமண்ணும் தண்ணீரும்தான். அந்த மண்ணில் பிறந்தவள் குகைக்குள் வயிற்றால் ஊர்ந்து போய் எலும்பு பொறுக்குகிறாள் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை, தெருக்காரர்கள் எப்படி நம்புவார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் லீவில் வந்தாள். அப்பாவும் நானும் திருச்சி ஏர்போர்ட்டில் காத்திருந்தோம். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், இவளைக் காணோம். அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். எந்த வண்டியும் நேரத்துக்கு வராது என்பது தெரிந்தவர், இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் வந்தாள். முகம் சிவந்து கிடந்தது. பெட்டியில் சுடிதாருக்குள் சுற்றிவைத்திருந்த தாடைகளை கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பழுப்பு வர்ணம் பூசிய பல்லும் எலும்புமாக இருந்ததைக் கண்டு அந்த ஆபீசர் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "எல்லாரும் சாக்லேட்டு, சென்ட்டுன்னு கொண்டாருவாங்க. நீ என்னம்மா நாய்ப் பல்லைக் கொண்டாந்திருக்கே?" என்று கேட்டாராம். அது அசல் எலும்பு இல்லை, பிளாஸ்டரில் எடுத்த நகல் என்று இவள் விளக்கியிருக்கிறாள். நகல் எடுக்கிற அளவுக்கு நாய்ப் பல்லில் என்ன இருக்கிறது என்று அவர் அடுத்த கேள்வி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

கார் முழுக்க நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எங்கள் வீட்டில் அதிகம் சிரிக்கிறவள் அவள்தான்.

மறுநாள் மாடியில் அம்மா காயப்போட்டிருந்த துணியை எடுத்தபடியே தங்கை விவரத்தைச் சொன்னாள். ஒரு குகையில் மேல்தாடை ஒன்று கிடைத்திருக்கிறது. மூக்குப் பக்கம் உடைந்து போய்விட்டது, ஆனால் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பற்கள் பெரியவை. அதனால் அது ஓநாய் என்று ரொம்ப நாளாகவே பெயர் எழுதி வைத்திருந்தார்கள். இவள் அதைப் பார்த்த நாளிலிருந்து அது ஓநாய் இல்லை, கயோட்டிதான் என்கிறாள். அந்தக் காலத்துக் கயோட்டிகள் இப்போது இருப்பதைவிடப் பெரியவை, அந்தக் குகையில் இருந்தது எல்லாமே அந்தப் பெரிய ஜாதிதான், ஓநாய் ஒன்றுகூட இல்லை என்பது இவள் கட்சி. இவளுடைய ஆராய்ச்சியே அதன்மேல்தான் நிற்கிறது. அந்த ஒரு மேல்தாடை ஓநாய் என்றால் எல்லாம் கவிழ்ந்தது.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் கெட்டவர் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை நம்புகிற மனிதர். "பெரிசாயிருக்கு, ஓநாய். இல்லைன்னு சொல்றதுன்னா நிரூபி" என்றிருக்கிறார். பல்லின் வடிவத்தை வைத்து இவள் சொன்ன காரணங்கள் அவருக்குப் போதவில்லை. ஓநாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆராய்ச்சியைச் சின்னதாகச் சுருக்கி வரும் கோடையிலேயே பட்டம் வாங்கிவிடலாம். இல்லையென்றால் உதவித்தொகையும் அந்தக் கோடையோடு முடிகிறது, பட்டமும் இல்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நான் சொல்றதுதான் சரின்னு எனக்குத் தெரியுதுக்கா. ஆனா எத்தனை பேரு இல்லைன்னு சொன்னா ஒருத்திக்குத் தாங்கும்? இப்பல்லாம் என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிருச்சு" என்றாள். கையில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். என் கிண்டலெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவளைவிட எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் சுலபமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஓநாய்னே எழுதிட்டு வாம்மா. எந்த நாயா இருந்தா நமக்கென்ன? பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு." அவருக்கு அவசரம் இருந்தது. சென்னையில் சாஃப்ட்வேரில் இருக்கிற ஒரு பையனின் வீட்டார், வருஷப்பிறப்பு கழிந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பையன் நல்ல பையன் என்று எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரே சொல்லியிருந்தார். பட்டம் வருமா வராதா என்று இழுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அப்பாவின் கவலை. தங்கை பாட்டுக்குச் சாப்பாட்டு மேஜைமேல் அந்தத் தாடைகளைப் பரப்பிவைத்து லென்ஸால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது, குடில் ஜோடித்து வைத்திருக்கிறது, உள்ளே சாப்பாட்டு மேஜையில் செத்த நரியின் வாய். "பாலன் பொறக்குற வீட்டுல இதை வச்சுக்கிட்டு இருக்காதே. எடுத்துட்டுப் போயி உங்க அக்கா ஆஸ்பத்திரியில வை, அங்கதான் பல்லா கெடக்கு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்தத் தாடைகள் என்னிடம் வந்தன. மேல்தாடையை ஒரு தட்டில் வைத்து, பல் செட் செய்கிற மேஜையில், ஊர்க்காரர்களின் பல் செட் அச்சுகளோடு வரிசையில் வைத்தேன். மற்றவை அவளுடைய தோள்பையிலேயே துணி சுற்றிக் கிடந்தன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தினமும் என்னோடு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் தன் அத்தியாயத்தை எழுத முயற்சி செய்தாள். எழுதியதைவிட அடித்தது அதிகம்.

இங்கே எங்கள் ஊர்ப் பல்வலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல்வலிக்கென்று தனிப் பஞ்சாங்கம் உண்டு. நாற்றங்கால் சமயத்தில் வலித்தால் "நடவு முடியட்டும் டாக்டரம்மா" என்பார்கள். நடவு முடிந்தால் "களை எடுத்துட்டு வந்துடறேன்." களை எடுத்தபின் "அறுப்பு முடியட்டுமே." அதுவரை சொத்தைப் பல்லில் கிராம்பையோ புகையிலையையோ அடைத்துக்கொண்டு, சோற்றையெல்லாம் மறுபக்கம் தள்ளி மென்றே காலத்தை ஓட்டிவிடுவார்கள். பல்லைப் பிடுங்கினால் நான்கு நாள் படுக்க வேண்டியிருக்கும், அந்த நான்கு நாளில் வயல் என்ன ஆவது என்ற பயம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சைவிட ஆற்றில் தண்ணீர் வருகிற தேதிக்குத்தான் இங்கே மரியாதை.

இதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாயைத் திறந்ததும் வலிக்கிற பக்கத்தைப் பார்க்க மாட்டேன். வலிக்காத பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எல்லாப் பாரத்தையும் சுமந்து அந்தப் பக்கத்துப் பற்கள் மழுங்கிப்போயிருக்கும். வலிக்கிற பக்கம் வேலையே செய்யாததால் பற்கள் கூராக இருக்கும், பல்லடியில் சுண்ணாம்பு மாதிரி காறை கெட்டியாகப் படிந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் இந்த ஆசாமி எத்தனை போகமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

வருஷக் கடைசியில் ஒருநாள் காலை, பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் ஏறும்போதே மேஜையைப் பார்த்துவிட்டார். "இது யாரு செட்டும்மா? ரொம்பப் பெரிய வாயா இருக்கே" என்றார். தங்கைகூடக் கொஞ்சம் சிரித்துவிட்டாள். நான் அவருடைய வாயைப் பார்த்தேன். வலது பக்கம் மழமழவென்று தேய்ந்து கிடந்தது. இடது பக்கம் காறை. "குறுவைக்கு முன்னாடியே வலிச்சிருக்கு, இல்ல?" என்றேன். அவர் திறந்த வாயோடே தலையை ஆட்டினார். வழக்கம்போல அறுப்பு முடியட்டும் என்று ஆரம்பித்தவரை, வீக்கம் கண்ணுக்கு ஏறிவிடும் என்று மிரட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வரச் சொல்லி அனுப்பினேன்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே திரும்பினேன். மேஜையில் அந்த மேல்தாடை இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் ஒரு நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். வலது பக்கத்துப் பற்கள் மழுங்கியிருந்தன. இடது பக்கம் கத்தி மாதிரி கூர்.

"ஏண்டி, இந்த ரெண்டு பக்கமும் ஒரே மண்டைதானா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஒட்டியேதான் இருந்துச்சு. ஏன்?"

"இடது பக்கம் பல்லோட அடியில சொரசொரன்னு இருக்கே, அது என்ன?"

"அதுவா? குகையில சொட்டுற சுண்ணாம்புத் தண்ணி படிஞ்சதுன்னு எழுதியிருக்கோம்."

"சுண்ணாம்புத் தண்ணி இடது பக்கம் மட்டுமா சொட்டும்? காறைடி அது. இதோட கீழ்த்தாடை எங்கே?"

"ஓநாய்னு எழுதி வச்சதுக்குக் கீழ்த்தாடை கிடைக்கலக்கா."

"கிடைக்காட்டி பரவால்ல. நான் பார்க்காமயே சொல்றேன். இதுக்கு இடது பக்கம், கீழ் கடைவாய்ப் பல்லுல வலி. சாதாரண வலி இல்ல, சீழ் வச்சிருக்கும். ரொம்ப நாள் வலது பக்கமாவே கடிச்சுத் தின்னுருக்கு."

அவள் எழுந்து நின்றாள். மூலையில் இருந்த பையை எடுத்து, துணியைப் பிரித்து, ஒரு கீழ்த்தாடையை வெளியே எடுத்தாள். இது கயோட்டியின் தாடை. இதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. அளவில் கொஞ்சம் பெரிசுதான் என்றாலும் எலும்பு ஒல்லி, பற்கள் குறுகலாக, பல்லுக்குப் பல் இடைவெளி விட்டிருந்தன. எல்லா அடையாளங்களும் வலது பக்கத்தில் முழுசாக இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க அதைக் கொண்டுவந்திருந்தாள். இடது பக்கம் நோய் வந்து கெட்டுப்போனது என்று யாரும் அளக்காமல் விட்டிருந்தார்கள்.

அந்த இடது பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினாள். பெரிய கடைவாய்ப் பல் பாதி உடைந்திருந்தது. அதற்குக் கீழே, சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த ஓட்டை.

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வாய் பார்த்திருக்கிறேன். நோயாளி எதிரில் இல்லாமல், மேல்பல்லை மட்டும் பார்த்துக் கீழ்ப்பல்லின் வலியைச் சொல்லி, அது இப்படி அச்சாகக் கண்ணெதிரே வந்து நின்றது அன்றைக்கு மட்டும்தான். தங்கை சொன்னாள், இரண்டும் குகையின் வேறு வேறு மூலைகளில், வேறு வேறு வருஷங்களில் எடுத்ததாம். ஒன்று ஓநாய்த் தட்டுக்குப் போயிற்று, மற்றது கயோட்டித் தட்டுக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எத்தனையோ விதமாக அளந்திருக்கிறார்கள். வேறு மிருகம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டதால், இரண்டையும் சேர்த்து அந்த வாயை மூடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நான் பல் டாக்டர். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தனித்தனியாக எனக்கு எதுவும் சொல்லாது. கடிக்கச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பல் செட் செய்யும்போது மேல் அச்சையும் கீழ் அச்சையும் மாட்டித் திறந்து மூடிப் பார்க்க ஒரு பித்தளைக் கருவி வைத்திருப்போம். அது மனுஷ வாய்க்குச் செய்தது, இந்த நீளத் தாடை அதில் அடங்கவில்லை. சரி என்று கையிலேயே பிடித்துக்கொண்டோம். நான் மேல்தாடை, அவள் கீழ்த்தாடை. மூடினோம். பொருந்தவில்லை. இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றது. மறுபடி மூடினோம், அப்போதும் இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. "வேணாங்கா, விடு. வேற வேறதான் போல" என்றாள்.

"சும்மா இரு. நீ நேரா வச்சு மூடறே. வலி இருக்கறவன் நேராக் கடிக்க மாட்டான்" என்றேன். என் நாற்காலியில் தினமும் நான் பார்ப்பதுதான். இடது பக்கம் வலித்தால் தாடையை ஒரு நூல் வலது பக்கமாக ஒதுக்கிக் கடிப்பார்கள். நாளாக ஆக அதுவே அவர்களுடைய கடியாகிவிடும், பல்லும் அந்தச் சாய்விலேயே தேயும். அவள் கையிலிருந்த கீழ்த்தாடையைக் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். மேலே மழுங்கிய சாய்வும் கீழே மழுங்கிய சாய்வும் பூட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டன. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டும் ஒரே வாய் என்றால், கீழ்த்தாடை கயோட்டி என்பதால் மேல்தாடையும் கயோட்டிதான். வெளியே பெஞ்சில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தார்கள். நாங்கள் அந்த நரி வாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம், அழுதோம். உதவிப் பெண் பயந்துபோய் என்ன ஆச்சு டாக்டர் என்று ஓடி வந்தாள்.

அன்றைக்கே படம் எடுத்து, விவரமாக எழுதி, பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். பாதி ஏறும்போது கரண்ட் போயிற்று. வந்தது, மறுபடி போயிற்று. ஒருவழியாக அனுப்பினோம். பேராசிரியர் ஊரிலேயே இல்லை, மகன் வீட்டுக்குப் போயிருந்தார். இருந்தும் பதில் போட்டார். பிளாஸ்டர் நகல் ஏமாற்றும், அசல் எலும்புகளை வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன், மியூசியம் வருஷப்பிறப்பு கழிந்துதான் திறக்கும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது நியாயம் என்று தங்கையே சொன்னாள். எனக்கு அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து எல்லாப் பல்லையும் பிடுங்கலாம் போல இருந்தது.

அந்த நாட்கள் நகரவே இல்லை. நகல் எடுக்கும்போது ஒரு காற்றுக்குமிழி விழுந்திருந்தால்கூடப் பொய்யாகப் பொருந்தும் என்று எனக்கே தெரியும். தொழில் தெரிந்தவளுக்கு அந்தப் பயம் அதிகம். வீட்டில் அம்மா முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார், பையன் வீட்டார் வருகிற நாள் நெருங்கிவிட்டது. தங்கை எந்தப் பக்கம் போனாலும் அப்பாவின் கண் கூடவே போயிற்று.

ஒரு காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அங்கே முந்தின நாள் சாயங்காலம். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள், யாருக்கு இங்கிலீஷ் புரிகிறதோ இல்லையோ எல்லாரும் சுற்றி நின்றோம். பேராசிரியர் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை. இரண்டு அசல் தாடைகளையும் தன் கையாலேயே சேர்த்து வைத்துப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரியே வலது பக்கம் ஒதுக்கி மூடினேன், மூடிக்கொண்டது என்றார். இடது பக்கத்துச் சொரசொரப்பையும் மியூசியத்து ஆட்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அது குகைச் சுண்ணாம்பு இல்லை, பல்லில் படிந்த காறைதான். கடைசியில், "என் ஓநாய் போய்விட்டது. உன் கயோட்டி நிற்கிறது" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை. தோற்றுப்போன மனிதர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. வாயை மூடிப் பார்க்க யாருக்குத் தோன்றியது என்று கேட்டார். என் அக்காவுக்கு என்றாள். அவரும் இந்தத் துறையா என்றார். இல்லை, பல் டாக்டர் என்றாள். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு சமையலறைவரை கேட்டது.

போனை வைத்ததும் தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா என்ன ஏது என்று புரியாமலே அவள் தலையைத் தடவி, சேசுவே, மாதாவே என்று முணுமுணுத்தார். அப்பா மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து துண்டால் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வாத்தியார்கிட்ட இத்தனை நாளும் நீ என்ன சொல்லிக்கிட்டு இருந்தே?"

"இல்லைங்க, இது ஓநாய் இல்லைன்னுதாம்ப்பா சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அவரு திரும்பத் திரும்ப ஆமான்னு சொன்னப்பவும்?"

"ஆமாப்பா."

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். "எங்க அப்பாரு பண்ணையில சாகுற வரைக்கும் வேலை பார்த்தாரு. ஆண்டை எது சொன்னாலும் ஆமாங்கதான். பகலை ராத்திரின்னாலும் ஆமாங்கதான். இல்லைங்கன்னு ஒரு வார்த்தை அவரு வாயில நான் கேட்டதே இல்ல. நானும் டிப்போவுல அப்படித்தான் காலத்தை ஓட்டினேன். உன்னையும் அதையே எழுதிட்டு வரச் சொன்னேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். பையன் வீட்டாருக்குப் போட்டு, "பொண்ணு அங்க ஒரு வேலையை ஜெயிச்சுட்டு வந்திருக்குங்க. அதை முழுசா முடிச்சுட்டு வரட்டும். அவசரம்னா நீங்க வேற இடம் பாருங்க, எங்களுக்கு வருத்தம் இல்லை" என்று சொல்லிவிட்டார். அப்படி நிமிர்ந்து அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா சுட்ட முறுக்கை நாங்களே தின்று தீர்த்தோம்.

தங்கை போனாள், உதவித்தொகையை நீட்டித்துக் கொடுத்தார்கள், தான் நினைத்தபடியே முழுசாக எழுதிப் பட்டம் வாங்கினாள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் இப்போது அந்த மியூசியத்தில் ஒரே தட்டில், ஒரே பெயரில் இருக்கின்றன. பொதுஜனங்களுக்குக் காட்டுகிற ஹாலில்கூட இல்லை, ஏதோ ஒரு இழுப்பறைக்குள். பையன் வீட்டார் வேறு இடம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், காத்திருந்தார்கள். பையன் நல்ல பையன்தான்.

எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது, நாற்காலிகள் கூடிவிட்டன. அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ பேர் வெளியே போனார்கள், வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம். ஆனால் எங்கள் குடும்பம் இதுவரை சம்பாதித்ததில் பெரிய சொத்து எது என்று யாராவது கேட்டால், அத்தனை பேர் ஆமாம் என்றபோது என் தங்கை தனியாக நின்று சொன்ன அந்த ஒரு 'இல்லைங்க'தான் என்று நான் இன்றைக்கும் தயங்காமல் சொல்வேன்.